பேராசிரியர் போல் லாஞ்சவானும் திரும்பி வந்த பிரயாணியும்

மிஷன் கல்லூரி விடுதியிலே தங்கிப் படித்த காலத்தில் வீட்டிலிருந்து வரும் கடிதமே நமக்குப் பெருஞ் செல்வமாயிருந்தது. தம்பிக்குக் காய்ச்சல் என்று அன்னையார் எழுதிய கடிதம் நம் கைக்கு வந்து சேரும்போது தம்பி எழுந்து வீதியிற் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். கடிதத்திற் கண்டது ஒன்று. கடிதம் வழியிற் கழித்த நாட்களைக் கூட்டி, இப்பொழுது இப்படித்தான் இருக்கும் என்று நாம் மனத்தாற் கணித்துக்கொள்வது மற்றொன்று. தூரத்தில் உள்ளாரின் நிலையை நாம் காண்பதில்லை, கணிக்கின்றோம் என்னும் இச்சிறிய உண்மையைக் கைப்பிடித்துச் சென்றால், இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானத்திலே மிகவும் வியப்புக்குரிய ஒரு கதையை விளங்கிக்கொள்ளலாம். அக்கதையை உலகுக்குச் சொல்லியவர் பிரான்சு தேசத்துப் பேராசிரியர் போல் லாஞ்சவான் ஆவார். அவர் சொல்லிய கதையையும் வாழ்ந்து காட்டிய வாழ்வையும் ஒருங்கே எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லாஞ்சவான் 1872ஆம் ஆண்டு தை மாதம் 23ஆந் திகதி பாரிஸ் நகரிலே பிறந்தார். பெருஞ் செல்வக் குடும்பம் அன்று. பதினாறாவது வயதிலே அந்நகரத்துப் பௌதிக இரசாயனக் கைத்தொழிற் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர், பின்னாளிற் புகழ்பெற்ற பியர் கியூரி. நல்லாசிரியர் ஒருவரின் கை பட்டால் மாணாக்கனின் வாழ்வு எவ்வாறு மலரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. அதன்பின் உயர் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் பயின்று, 1897இல் இறுதித் தேர்விலே முதலிடம் பெற்றார். அவ்வாண்டே கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலைக்குச் சென்று, இலத்திரனைக் கண்டறிந்த பேராசிரியர் தொம்சனின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். ரதபோட் என்னும் நியூசீலந்து இளைஞரும் அப்போது அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1902இற் கலாநிதிப் பட்டம் பெற்ற லாஞ்சவான், கொலேஜ் டி பிரான்ஸ் என்னும் பழம்பெருங் கழகத்திலே கற்பிக்கத் தொடங்கி, 1909இல் அங்கே பேராசிரியரானார். தம் ஆசிரியர் கியூரி வகித்த இடத்தைப் பழைய கல்லூரியிலும் அவரே ஏற்றார். சில பொருள்கள் காந்தத்தால் ஈர்க்கப்படுவதும் சில தள்ளப்படுவதும் ஏன் என்பதற்கு 1905இல் அவர் தந்த விளக்கம் இன்றும் பாடநூல்களிலே அவர் பெயரோடு வழங்குகின்றது.

அதே 1905ஆம் ஆண்டிலேதான் சுவிற்சர்லாந்திற் காப்புரிமை அலுவலகத்திலே வேலை பார்த்த ஐன்ஸ்ரைன் என்னும் இளைஞர் விசேட சார்புக் கொள்கையை வெளியிட்டார். லாஞ்சவானும் அவ்வழியே தனித்துச் சிந்தித்துக்கொண்டிருந்தவர். ஐன்ஸ்ரைன் முந்தாதிருந்தால் லாஞ்சவானே அக்கொள்கையைக் கண்டிருப்பார் என்று பின்னாளில் ஐன்ஸ்ரைனே ஒப்புக்கொண்டார். தமக்கு முன்னே ஒருவர் முடித்துவிட்டார் என்று லாஞ்சவான் மனங் கசக்கவில்லை. அக்கொள்கையைத் தம் நாட்டிலே பரப்பும் பணியைத் தலைமேற்கொண்டார்.

1911ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் இத்தாலியிலே பொலோஞா நகரிற் சர்வதேசத் தத்துவ மகாநாடு கூடிற்று. அங்கே தத்துவ ஞானிகளின் முன்னிலையில் லாஞ்சவான் ஒரு பிரயாணியின் கதையைச் சொன்னார். ஒருவன் எறிகுண்டு ஒன்றினுள் அமர்ந்து பூமியை விட்டுப் புறப்படுகின்றான். அதன் கதி ஒளியின் கதியிலும் இருபதினாயிரத்தில் ஒரு பங்கே குறைவு. தன் கடிகாரப்படி ஓராண்டு சென்று, விண்மீன் ஒன்றைச் சுற்றித் திரும்பி, அதே கதியில் மீண்டும் ஓராண்டு வருகின்றான். அவனுக்கு இரண்டு வயதே கூடியிருக்கும். பூமியிலோ 200 ஆண்டுகள் கழிந்திருக்கும். அவனை வழியனுப்பியவர் ஒருவரும் இரார். அவர்தம் வழித்தோன்றல்களே அவனை வரவேற்பர். இன்று இக்கதை இரட்டைப் பிள்ளைகளின் கதையாக வழங்கினும் லாஞ்சவான் இரட்டையரைப் பற்றிப் பேசவில்லை. அவர் காட்டியது தனிப் பிரயாணி ஒருவனையே.

கேட்போர் உள்ளத்தில் உடனே ஐயம் எழுவது இயல்பு. இயக்கம் சார்புடையது என்பதன்றோ கொள்கை? பிரயாணியின் கண்ணுக்குப் பூமியே பின்னோக்கி ஓடித் திரும்பி வந்ததாகத் தோன்றாதோ? அப்படியாயின் பூமியிலுள்ளோரே இளமையாய் இருத்தல் வேண்டுமன்றோ? இவ்வினாவிற்கு லாஞ்சவான் தந்த விடை தெளிவானது. ஒரே வேகத்தில் நேராகச் செல்லும் புகையிரதத்திற் கண்ணை மூடியிருப்பவனுக்குத் தான் செல்வது தெரியாது. ஆனால் வண்டி திடீரெனப் புறப்படும்போது அவன் முதுகு ஆசனத்தில் அழுந்தும். திடீரென நிற்கும்போது முன்னே சரிவான். மேடையில் நிற்பவனுக்கு அவ்விரண்டும் இல்லை. வேகம் சார்புடையது, வேகம் மாறுதல், அதாவது ஆர்முடுகல், அத்தகையது அன்று. அதை அனுபவிப்பவன் இன்னான் என்பதிலே ஐயத்துக்கு இடமில்லை. திரும்பியவன் பிரயாணி, பூமி திரும்பவில்லை. ஆதலால் இருவர் நிலையும் ஒன்றல்ல.

இனி, பிரயாணி பூமியிலுள்ளாரின் வயதை எவ்வாறு அறிகின்றான் என்று பார்ப்போம். முதலிலே அவன் காண்பது யாது? பூமியிலிருந்து ஒளி வடிவாய்க் கடிதங்கள் புறப்பட்டு அவனைத் துரத்துகின்றன. அவனோ ஒளிக்குச் சற்றே குறைந்த கதியில் ஓடுகின்றான். ஆதலால் கடிதங்கள் 200 மடங்கு தாமதித்தே வந்து சேரும். போகின்ற ஓராண்டு முழுவதிலும் பூமியில் ஏறத்தாழ முதல் இரண்டு நாட்களில் நிகழ்ந்த செய்தியே அவனுக்குக் கிட்டும். திரும்பி வருகையிலோ கடிதங்களை எதிர்கொண்டு வருகின்றான். அவை 200 மடங்கு விரைவாக வந்து குவியும். ஓராண்டிலே 200 ஆண்டுச் சரித்திரத்தை அவன் காண்பான். பூமியிலுள்ளார் காண்பது வேறு. அவன் போவதை ஏறத்தாழ 200 ஆண்டு கண்டுகொண்டிருந்து, அவன் மீள்வதைக் கடைசி இரண்டு நாட்களுக்குள் கண்டு முடிப்பர். இவ்வாறு இருபாலாரும் காண்பதை லாஞ்சவானே விரித்துரைத்தார்.

கடிதம் வேறு, கணிப்பு வேறு என்று தொடக்கத்திற் சொன்னோம். பிரயாணி கணிப்பது யாது? சீரான வேகத்திற் செல்லும்போது, ஒளி வழியிற் கழித்த காலத்தைக் கழித்துக் கூட்டிப் பார்த்தால், பூமிக் கடிகாரம் தன் கடிகாரத்திலும் நூறு மடங்கு மெதுவாக ஓடுவதாகவே அவன் கணிப்பான். போகும் ஓராண்டில் பூமியில் மூன்றரை நாட்களுக்குச் சற்றுக் கூடவே கழிந்தது என்பான். வரும் ஓராண்டிலும் அவ்வளவே என்பான். இரண்டையுங் கூட்டினால் ஏறத்தாழ ஏழு நாட்களே வரும். எஞ்சிய 200 ஆண்டு எங்கே போயிற்று?

அது திரும்பும் இடத்திலே இருக்கின்றது. தூரத்தில் இப்பொழுது என்ன நிகழ்கின்றது என்பதற்கு எல்லார்க்கும் பொதுவான விடை இல்லை என்பதே ஐன்ஸ்ரைன் 1905இற் கண்ட பேருண்மை. இப்பொழுது என்னும் சொல்லின் பொருள் சொல்பவனின் வேகத்தைப் பொறுத்தது. பிரயாணி திரும்பியபோது அவன் வேகம் மாறிற்று. ஆகவே பூமியில் இப்பொழுது என்று அவன் சொல்லும் கணமும் மாறிற்று. திரும்புமுன் பூமியில் நாலாவது நாள் என்று கணித்தவன், திரும்பியபின் 200 ஆண்டு நிறைவதற்கு நாலு நாளே உண்டு என்று கணிப்பான். பிரயாணியின் கணக்கு ஒன்றன்று, போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாக இரண்டு என்பதை ஜேர்மன் அறிஞர் லாவே அடுத்த சில ஆண்டுகளில் விளக்கினார். திரும்புங் காலத்தில் தோன்றும் விசையை ஓர் ஈர்ப்புப் புலமாகக் கொண்டும் இதே விடையைப் பெறலாம் என்று ஐன்ஸ்ரைன் 1918இல் எழுதிய உரையாடல் ஒன்றிற் காட்டினார்.

திரும்புதல் ஒரு கணத்தில் நிகழாது, சிறிது சிறிதாக நிகழும் எனக் கொண்டால் விதி இன்னுந் தெளிவாகும். எவன் எத்திசையை நோக்கி ஆர்முடுகுகின்றானோ அத்திசையிலுள்ள தூரக் கடிகாரங்கள் விரைந்து ஓடுவதாகக் கணிப்பான். ஆர்முடுகலும் தூரமும் கூடக் கூட அவ்விரைவும் கூடும். பின்னே விட்டுவந்த திசையிலுள்ள கடிகாரங்களோ மெதுவாகும். பூமியின் ஈர்ப்பிற்குச் சமமான ஆர்முடுகல் உடையவனுக்கு, அவனுக்குப் பின்னே ஏறத்தாழ ஓர் ஒளியாண்டுத் தூரத்திலுள்ள கடிகாரம் நின்றுவிட்டதாகக் கணக்கு வரும். அதற்கும் அப்பாலுள்ள கடிகாரம் பின்னோக்கி ஓடுவதாகவே வரும்.

அப்படியாயின், தூரத்திலிருக்கும் முதியவர் ஒருவர் நம் பிரயாணி திசை மாறியதால் மீண்டும் இளைஞராகி விடுவாரா? இல்லை, ஒருபோதும் இல்லை. முதியவர் வீட்டிலே ஒரு மயிரும் மீண்டுங் கறுக்கவில்லை. மாறியது பிரயாணியின் கணக்கு மாத்திரமே. அவனுக்கு வரும் கடிதங்களைப் பாருங்கள். அவன் எப்படித் திரும்பினும், எத்தனை முறை திரும்பினும், நேற்றைய கடிதம் இன்றைய கடிதத்திற்குப் பின் வருவதில்லை. கணிப்பு முன்னும் பின்னும் அசையும். காட்சி முன்னோக்கியே செல்லும். இது வானவெளிப் பிரயாணிக்கு மட்டும் உரியதன்று. அந்திரொமீடா என்னும் விண்மீன் கூட்டம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. வீதியில் நின்றவன் அதை நோக்கி மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வீதம் நடக்கத் தொடங்கினால், அங்கே இப்பொழுது என்று அவன் சொல்லுங் கணம் ஏறத்தாழ நாலு நாள் முன்னே போகும். திரும்பி நடந்தால் எட்டு நாள் பின்னே வரும். அந்திரொமீடாவுக்கு அதனால் யாதோர் ஊறும் இல்லை.

ஆர்முடுகலே இளமை தரும் மருந்து என்று எண்ணுவதும் தவறு. இன்னொரு பிரயாணி அதே கதியிற் சென்று அரையாண்டிலேயே அதே வன்மையோடு திரும்பினான் என்று கொள்வோம். அவன் வரும்போது அவனுக்கு ஓராண்டும் பூமிக்கு நூறு ஆண்டுமே கழிந்திருக்கும். திரும்புதல் ஒன்றே, திரும்பிய தூரம் வேறு, ஆகவே வயது வேற்றுமையும் வேறு. திரும்புதல் செய்வது யாதெனில், இருவரின் பாதைகளையும் வேறாக்குவதே. ஈற்றில் இருவரும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் நிற்கும்போது கணிப்புக்கு இடமில்லை. யார் நரைத்தவர், யார் நரையாதவர் என்பதை எவர் கண்ணும் ஒன்றாகவே காணும். எல்லாஞ் சார்புடையது, ஆகவே எவர் சொல்வதும் சரி என்று சார்புக் கொள்கையைப் பிழைபட உரைப்பவர் பலர். பொலோஞாக் கதையின் பயன் அதற்கு நேர்மாறானது.

அவ்வாண்டு சித்திரையிலே புகழ் கண்ட லாஞ்சவான் கார்த்திகையிலே பழி கண்டார். பியர் கியூரி 1906இற் குதிரை வண்டியில் அகப்பட்டு இறந்திருந்தார். அவர்தம் விதவையாரான மேரி கியூரி அம்மையாருக்கும், மனைவியாரோடு மனம் ஒவ்வாது வாழ்ந்த லாஞ்சவானுக்கும் இடையில் அன்பு வளர்ந்திருந்தது. பத்திரிகைகள் அவர்தம் அந்தரங்கக் கடிதங்களை வீதிக்கு இழுத்தன. அம்மையாரை அந்நிய நாட்டுப் பெண் என்று தூற்றின. மனைவியாரும் நாலு பிள்ளைகளும் உள்ள இல்லத்திலே இஃது எத்துணைத் துன்பம் விளைத்திருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. லாஞ்சவான் பத்திராசிரியர் ஒருவரைத் துப்பாக்கிப் போருக்கு அழைத்தார். எதிரி துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்ளவே இவரும் சுடாது விட்டார். பெரியோரின் வாழ்வை எழுதுகையில் இவற்றை மறைத்து எழுதும் வழக்கம் உண்டு. நமக்கு அது நேர்மையாகப் படவில்லை. கடிதத்தை வாசித்துத் தூரத்திலிருந்து தீர்ப்புக் கூறியோர் பலர். அருகிருந்து கண்டோர் சிலர் என்று மட்டும் சொல்லி அமைவோம். பல்லாண்டு கழித்து லாஞ்சவானின் பேரனாரும் அம்மையாரின் பேர்த்தியாரும் திருமணஞ் செய்துகொண்டனர்.

முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் நேச நாட்டுக் கப்பல்களை மூழ்கடித்தன. உருசிய எந்திரியான ஷிலோவ்ஸ்கியோடு சேர்ந்து லாஞ்சவான் 1915 முதல் நீருக்கடியிற் செவிக்கெட்டாத ஒலியைச் செலுத்தி, அதன் எதிரொலியாற் கப்பலைக் கண்டறியும் முறையை ஆராய்ந்தார். பளிங்குக் கல்லை அழுத்தினால் மின் தோன்றும் என்று 1880இற் பியர் கியூரியும் அவர் தமையனாரும் கண்டிருந்தனர். அப்பளிங்கையே உருக்குத் தகடுகளுக்கிடையில் வைத்து ஒலியை எழுப்பவுங் கேட்கவுஞ் செய்தார் லாஞ்சவான். ஆசிரியரின் கண்டுபிடிப்பு மாணாக்கரின் கையிற் கருவியாயிற்று. இன்று கடலின் ஆழம் அறிதற்கும், கருவிலுள்ள குழந்தையைப் பார்த்தற்கும் உதவும் முறைகள் இவ்வழியில் வந்தவையே.

யுத்தம் முடிந்தும் பகை முடியவில்லை. ஜேர்மனியிலிருந்து வரும் விஞ்ஞானியைப் பாரிஸ் நகரில் வரவேற்பதா என்று பலர் சீறிய காலத்திலே, 1922இல் லாஞ்சவான் ஐன்ஸ்ரைனைக் கொலேஜ் டி பிரான்சுக்கு அழைத்தார். எல்லைக்கே சென்று அவரைப் புகையிரதத்தில் எதிர்கொண்டு அழைத்து வந்தார். அப்போதும் பொலோஞாப் பிரயாணி பேச்சுப் பொருளானான். தத்துவப் பேராசிரியர் பேர்க்சன், போனவரும் இருந்தவரும் ஒரே அளவு காலத்தையே வாழ்ந்திருப்பர் என்று அவ்வாண்டு வெளியான நூலில் வாதாடினார். அது தத்துவ வாதத்தால் அன்றிக் கடிகாரத்தால் தீர வேண்டிய வழக்கு. லூயி டி புறோலி என்னும் இளைஞர் பொருட்டுணிக்கைகளுக்கும் அலை இயல்புண்டு என்னும் புதுமைக் கருத்தைக் கலாநிதிப் பட்டத்திற்குச் சமர்ப்பித்தபோது, அதன் அருமையை உணர்ந்து ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பி வைத்தவரும் லாஞ்சவானே.

ஜேர்மனியில் இட்லர் ஆட்சி ஏறியபின் லாஞ்சவான் ஆய்வுகூடத்தில் ஒதுங்கியிருக்கவில்லை. 1934இற் பாசிசத்தை எதிர்க்கும் அறிவாளர் குழுவை அமைப்பதில் முன்னின்றார். பிரான்சு வீழ்ந்தபின் 1940ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆந் திகதி ஜேர்மானியர் அவரைக் கைது செய்து சிறையிலிட்டனர். அப்போது வயது அறுபத்தெட்டு. ஒன்பது நாட் கழித்து அவருக்காகப் பாரிஸ் மாணவர் கொலேஜ் டி பிரான்சின் முன் திரண்டனர். ஆட்சியாளரின் துப்பாக்கி நிழலில் மாணவர் தம் ஆசிரியருக்காக நின்ற அந்நாளை நம்போன்ற மாணவர் மறத்தல் தகாது. பின்னர் துறுவா என்னும் ஊரிற் காவலில் வைக்கப்பட்டார்.

காவலில் இருந்தவருக்கு வந்த செய்திகள் கொடியவை. மருமகனான பௌதிக அறிஞர் ஜாக் சொலொமோன் எதிர்ப்பு இயக்கத்தில் உழைத்தமைக்காக 1942 வைகாசியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் எலேன் 1943 தையில் அவுஸ்விற்சு வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தூரத்திலுள்ளாரின் வயதைக் கணிக்க வழி சொன்ன அறிஞர், தம் மகள் உயிரோடிருக்கின்றாளா என்பதைக் கணிக்க எக்கணக்கும் இல்லாத நிலையை அடைந்தார். 1944 வைகாசியிற் காவலிலிருந்து தப்பிச் சுவிற்சர்லாந்து சேர்ந்து, பாரிஸ் விடுதலையானபின் திரும்பினார். மகளும் 1945இல் உயிருடன் மீண்டு வந்தார்.

எஞ்சிய காலத்தை அவர் நாட்டின் கல்விச் சீர்திருத்தத்திற்கு அளித்தார். ஏழை செல்வர் என்ற வேற்றுமையின்றிப் பதினெட்டு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்குங் கல்வி வேண்டும் என்னும் திட்டத்தை வகுத்த குழுவிற்குத் தலைவராயிருந்தார். அவ்வறிக்கை 1947இல் வெளியானபோது அவர் இல்லை. 1946 மார்கழி 19ஆந் திகதி காலமானார். இரண்டாண்டு கழித்து, நாட்டின் பெரியோர் உறையும் பந்தியோன் மண்டபத்தில் அவரது அஸ்தி வைக்கப்பட்டது.

அவர் சொன்ன கதைக்குக் கடிகாரங்கள் பின்னர் சாட்சி கூறின. 1971இற் சீசியம் கடிகாரங்களை ஆகாயவிமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றச் செய்தனர். கிழக்கே சென்றவை ஏறத்தாழ 59 நானோ செக்கன் பின்தங்கின. மேற்கே சென்றவை ஏறத்தாழ 273 நானோ செக்கன் முந்தின. பூமி சுழல்வதையும் உயரத்தில் ஈர்ப்புக் குறைவதையும் சேர்த்துக் கணித்தால் இரண்டும் கொள்கையோடு பொருந்தின. ஜெனீவாவில் 1977இல் வெளியான சோதனையில், வளையத்திலே சுற்றிய மியுவோன் துணிக்கைகள் ஓய்வில் உள்ளவற்றிலும் ஏறத்தாழ 29 மடங்கு நீண்ட ஆயுள் பெற்றன. அவை அனுபவித்த ஆர்முடுகலோ பூமி ஈர்ப்பின் ஒன்றின்பின் பதினெட்டுப் பூச்சியம் இட்ட மடங்கு. ஆயினும் கதியால் வரவேண்டிய அளவுக்கு மேலே ஆர்முடுகலால் யாதும் கூடவில்லை, குறையவில்லை.

வாலிபர்களாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? தூரத்தில் உள்ளாரைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் கணிப்பே. நாம் நிற்கும் நிலை மாறினால் அக்கணிப்பும் மாறும். ஆகவே தூரத்திலிருந்து தீர்ப்புக் கூறுவதில் அடக்கம் வேண்டும். அதனால் உண்மை என ஒன்று இல்லை என்று சோர்தலும் கூடாது. நேரிற் சந்திக்கும் இடத்திலே உண்மை ஒன்றே. லாஞ்சவான் அத்தகைய இடங்களைத் தேடிச் சென்றார். பகைவர் நாட்டு அறிஞரை எல்லைக்கே சென்று சந்தித்தார். நாமும் கடிதத்தோடு நின்றுவிடாமல், ஒருமுறை எழுந்து சென்று நேரிற் காண்போமாக.